ஒன்றேகால் சுற்று

என் சொந்தக் காரை நானே கெடுப்பது என்று ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணி இருபது நிமிடத்துக்கு முடிவெடுத்தேன்.

கெடுப்பது என்றால் உடைப்பது இல்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை. ஆகுர்டி என்ற மராட்டி ஊரில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் நாலு மாதம் வேலை பார்த்தவன். அதில் பத்தொன்பது வருஷம் கடைசிப் பரிசோதனை லைனில் நின்றவன். நான் பார்த்து, சரி என்று மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்தால்தான் வண்டி வாசலைத் தாண்டும். எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்பு. பேச்சு அதைவிடக் குறைவு. ஆனால் எண்ணிக்கை மட்டும் தப்பாது.

கார் 1995 மாடல். சின்ன வெள்ளைக் கார். மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வைத்தது. செகண்ட் ஹாண்டில் வாங்கியது, இருபத்திரண்டு வருஷமாக எங்களிடம் இருக்கிறது. ஆர்டிஓ ஆபீசில் நாலு தடவை ஆயுளை நீட்டி வாங்கியிருக்கிறேன். கியர் போடாமல், ஆக்சிலேட்டரைத் தொடாமல், இன்ஜினைச் சும்மா ஓடவிடுவதற்கு ஐடிலிங் என்று பெயர். வண்டியின் குணம் அங்கேதான் தெரியும். ஓடும்போது எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். நிற்கும்போது நடுங்காமல் நிற்கிறதா என்பதே கேள்வி. நான் ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, ஓடுகிற இன்ஜினின் பானெட் மேல் வைப்பேன். ஒரு நிமிடத்தில் ஒரு சொட்டு சிந்தக் கூடாது. என் கார் சிந்தாது. அந்தக் காரைத்தான் கெடுக்க முடிவெடுத்தேன்.

காரணம், மேல் மாடி ப்ரியம்வதா.

ப்ரியம்வதா பேங்கில் வேலை பார்க்கிறவள். கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் ப்ரீதி. அவளுக்கு ஔந்தில் ஒரு மராட்டிப் பையனோடு அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். புதன்கிழமை சாயங்காலம் தாயும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"அங்கிள், உங்க கார் எனக்கு வேணும்," என்றாள் ப்ரீதி.

"எங்கம்மா போகணும்?"

"போறதுக்கு இல்ல அங்கிள். ஸ்லோவா போறதுக்கு. வராத்துக்கு."

வராத் என்பது கல்யாணம் முடிந்து பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு ஊர்வலமாக அழைத்துப் போவது. முன்னால் பேண்டு. நடுவில் ஆட்டம். கடைசியில் வண்டி. இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். எதிரில் வந்தால் கடைக்குள் நுழைந்துவிடுவேன்.

"எவ்வளவு தூரம்?" என்றேன்.

"எழுநூறு மீட்டர்தான் அண்ணா," என்றாள் ப்ரியம்வதா.

"எவ்வளவு நேரம்?"

"ஒண்ணரை மணி நேரம் ஆகும்."

மனசுக்குள் வகுத்தேன். நிமிடத்துக்கு எட்டு மீட்டர்கூட இல்லை. அந்த வேகத்தில் போனால் ஔந்தில் என் முகத்தைப் பார்க்காதவர் ஒருவர் மிஞ்ச மாட்டார்.

"ஒரு டிரைவர் போட்டுக்கலாமே," என்றேன்.

"உங்களைத் தவிர யார் ஓட்டினாலும் அந்த கார் நின்னுடும்னு நீங்கதானே அண்ணா சொல்வீங்க?"

சொல்லியிருக்கிறேன். சொசைட்டி மீட்டிங்கில் இரண்டு தடவை, லிஃப்டில் இரண்டு தடவை.

"அங்கிள் ஃபேட்டா கட்டிக்கணும், ஆன்ட்டி," என்றாள் ப்ரீதி என் மனைவியிடம். ஃபேட்டா என்பது வால் விட்டுக் கட்டும் பெரிய தலைப்பாகை. "ஆரஞ்ச் கலர். பின் சீட்ல நாங்க ரெண்டு பேரும். முன் சீட் ஒண்ணு காலி."

"முன் சீட்ல நான்," என்றாள் என் மனைவி தர்மாம்பாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. "அரக்குப் பட்டு கட்டிக்கறேன். நாங்க வர்றோம் ப்ரீதி. நீ கவலைப்படாத."

என்னையும் யாரும் கேட்கவில்லை.

எனக்குக் கூட்டம் ஆகாது. ரிட்டையர் ஆன அன்று மாலை போட்டு, மைக்கை என் கையில் கொடுத்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மைக்கின் கழுத்தில் ஒரு ஸ்க்ரூ லூசாக இருந்தது. அதைச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அதுதான் என் பிரிவுபசார உரை.

இன்னொன்றும் உண்டு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் மன்னார்குடியில் எனக்குக் கல்யாணம் நடந்தது. அன்று சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர்கோலம் போக ஒரு வாடகைக் கார் வந்தது. முன்னால் நாதஸ்வரம். இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ். தெருவில் இரண்டு சாரியிலும் ஜனம். நான் அப்போது லாரிப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெற்றிலை போட்டுத் துப்பப் போகிறவன் மாதிரி எழுந்து போய், காரின் பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் காயிலிலிருந்து ஒரு ஒயரைப் பிடுங்கி, பட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டிரைவர் நாற்பது நிமிடம் முயன்றான். கடைசியில் நாங்கள் இருவரும் குளத்துப் பின் தெரு வழியாக நடந்தே வீட்டுக்குப் போனோம். ஒன்பது நிமிடம். எதிரே வந்தவை இரண்டு மாடு.

தர்மாம்பாள் அன்றும் அரக்குப் பட்டுதான் கட்டியிருந்தாள்.

அந்தக் காரைப் பற்றி இந்த நாற்பத்தொரு வருஷத்தில் அவள் பேசியது பூஜ்யம் தடவை. மறந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். ஒயர் இன்னும் என் டூல் பெட்டியின் அடியில் இருக்கிறது.

ஆகவே வியாழக்கிழமை காலை. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. எனக்குப் பதில் கார் சொல்லட்டும் என்று ஸ்க்ரூ டிரைவரோடு கீழே இறங்கினேன்.

கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. சும்மா ஓடும்போது காற்றோடு எவ்வளவு பெட்ரோல் சேர வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அதை மெதுவாக, தட்டும் வரை உள்ளே முறுக்கி, அங்கிருந்து இரண்டேகால் சுற்று வெளியே எடுக்க வேண்டும். என் காருக்கு அதுவே இடம். நான் ஒன்றேகால் சுற்றை உள்ளே தள்ளினேன். மிச்சம் ஒரே சுற்று.

இன்ஜினை ஓடவிட்டேன். பெட்ரோல் போதாமல் அது தவித்தது. கண்ணாடிகள் உதறின. நம்பர் பிளேட் பல்லைக் கடித்தது. டம்ளரைப் பானெட் மேல் வைத்தேன். அது நடக்க ஆரம்பித்து, ஓரத்துக்குப் போய், பதினாலாவது விநாடியில் கீழே விழுந்தது. பத்தொன்பது வருஷத்தில் நான் திருப்பி அனுப்பிய எந்த வண்டியும் இவ்வளவு நன்றாகக் கெட்டிருந்ததில்லை.

பழைய மஞ்சள் பொட்டைச் சுரண்டினேன். பெயிண்ட் புட்டியைத் திறந்தேன். ஸ்க்ரூவின் தலையில் புதுப் பொட்டு வைத்தேன். நான் வைக்கவில்லை, கை வைத்தது. ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினால் பொட்டு வைக்காமல் என் கை பெட்டியை மூடாது. முப்பத்தொரு வருஷப் பழக்கம்.

அந்தப் பெயிண்ட் காய நாலு மணி நேரம் ஆகும். இதுவும் எனக்கு முப்பத்தொரு வருஷமாகத் தெரியும்.

எட்டரை மணிக்கு இட்லி தட்டோடு உட்கார்ந்தேன்.

"தர்மா, வண்டி சரியில்ல."

"நேத்து ஜோரா ஓடிச்சே?"

"இன்ஜின் சொல்லிட்டா கெடும்? நின்ன இடத்துல நடுங்குது. சிக்னலுக்கு சிக்னல் ஆஃப் ஆகும். இங்கேருந்து ஔந்துக்குப் பதினோரு சிக்னல்."

"என்ன கோளாறாம்?"

"கார்புரேட்டருக்கு வயசாயிடுச்சு."

"உங்களுக்கும்தான் ஆயிடுச்சு. ஓடலையா?"

"நான் நின்ன இடத்துல நடுங்கறதில்லையே."

"கையில மைக்கைக் குடுத்தாத் தெரியும்," என்றாள். அப்புறம் சட்னி வைத்தாள். "சாப்பிட்டு வாங்க. என்னன்னு பாத்துடுவோம். டார்ச் நான் பிடிக்கறேன்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக நான் அந்த இன்ஜினில் குனியும்போதெல்லாம் டார்ச் பிடிப்பது தர்மாம்பாள்தான். எனக்கு வலது கண் கொஞ்சம் மங்கல். அதனால் ஸ்க்ரூவின் சுற்றை அவள்தான் வாய்விட்டு எண்ணுவாள். அரை, முக்கால், ஒண்ணு, ஒண்ணேகால். வீட்டில் இரண்டு பேருக்கு அந்தக் காரைத் தெரியும் என்பதை நான் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டேன். எண்ணிக்கையில் நான் விட்டது அது ஒன்றுதான்.

ஒன்பது மணிக்குக் கீழே இறங்கினோம். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டார்ச்சை அடித்தாள்.

"முதல்ல பிளக்கு," என்றாள்.

மூன்று பிளக்கையும் கழற்றினேன். கரி பிடித்திருந்தால் கறுப்பாக இருக்கும்.

"என்ன கலரு?"

"காபிப்பொடி."

"காபிப்பொடின்னா?"

"நல்லாருக்குன்னு அர்த்தம்."

கறுப்பு என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. இது என் குறை. ஒரு ஸ்க்ரூவைத் தப்பாகத் திருப்புவது வேறு. பரிசோதனையில் பொய் ரிப்போர்ட் கொடுப்பது வேறு. முதலாவதை அன்று காலை செய்திருந்தேன். இரண்டாவதை என் வாழ்நாளில் செய்ததில்லை.

"அடுத்து ஒயரு," என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒரு நிமிடம் வேர்த்தது. அவள் சொன்னது பிளக் ஒயரை. இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு பிளக்கின் ஒயரையும் ரப்பர் உறை போட்ட கையால் பிடுங்கிப் பார்க்க வேண்டும். பிடுங்கியதும் இன்ஜின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. தடுமாறாவிட்டால் அதுதான் குற்றவாளி.

"ஒண்ணு," என்றாள். தடுமாறியது.

"ரெண்டு." தடுமாறியது.

"மூணு."

"மூணும் வேலை செய்யுது," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"காத்து எங்கியாவது திருட்டுத்தனமா உள்ளே போகுதோ?"

"போகலாம்," என்றேன் ஆவலாக.

அவள் மேலே போய், செடிக்குத் தண்ணீர் அடிக்கும் குப்பியில் பாத்திர சோப்பைக் கரைத்து எடுத்து வந்தாள். ரப்பர் குழாய்களின் மேலும், மூட்டுகளின் மேலும் அடித்தாள். எங்காவது வெடிப்பு இருந்தால் இன்ஜின் சோப்புத் தண்ணீரை உறிஞ்சும், சத்தம் மாறும். ஏழு இடத்தில் அடித்தாள். ஏழு இடத்திலும் ஒரே சத்தம்.

"சத்தம் மாறலையே," என்றாள்.

"மாறலை," என்றேன்.

ஏர் ஃபில்டரைத் திறந்தோம். போன மாதம் மாற்றியது. வாய்க்குள் போட்டுக்கொள்ளலாம் போல் சுத்தமாக இருந்தது.

"அப்ப மிச்சம்?"

"மிச்சம் கார்புரேட்டர்தான். நான்தான் அப்பவே சொன்னேனே."

"கார்புரேட்டர்ல அந்த ஸ்க்ரூ?"

"பொட்டு இருக்கு பாரு," என்றேன். "பொட்டு இருந்தா என்ன அர்த்தம்?"

"செக் பண்ணினவர் செக் பண்ணிட்டார். வேற யாரும் தொடக் கூடாது."

"அதான்."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இதை நான் இன்றும் சொல்வேன்.

தர்மாம்பாள் டார்ச்சைக் கிட்டே கொண்டு போனாள். ஆள்காட்டி விரலால் பொட்டைத் தொட்டாள். விரலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். நுனியில் ஏதோ ஒட்டியிருந்தது. மசை என்று நினைத்திருப்பாள் என்று நினைத்தேன்.

டார்ச்சை அணைத்தாள்.

"சரிங்க," என்றாள். "கெட்டுப்போச்சுன்னா என்ன பண்றது. நான் போய் ப்ரியம்வதாகிட்டச் சொல்லிடறேன்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் மாடி ஏறியதும் சவரிமுத்துவுக்குப் போன் போட்டேன். சவரிமுத்து என்னோடு லைனில் இருந்தவன். இப்போது ரஞ்சன்காவில் சொந்தமாக மெக்கானிக் ஷாப் வைத்திருக்கிறான். நான்குநேரிப் பக்கத்துக்காரன்.

"சவரி, தர்மா உனக்குப் போன் பண்ணினாலும் பண்ணுவா. இந்த கார்புரேட்டருக்கு சாமான் கிடைக்காதுன்னு சொல்லிடு."

"கிடைக்குமே அண்ணாச்சி. எங்கிட்டயே ரெண்டு கிடக்கு."

"கிடக்கட்டும். இல்லன்னு சொல்லு."

"மதினிகிட்டயா? நான் மாட்டேன். அவங்க தீவாளிக்குக் குடுத்த முறுக்கை இன்னும் தின்னுக்கிட்டு இருக்கேன். வாயில முறுக்கை வச்சுக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்லுதியளா?"

"அப்ப என்னதான் பண்ணுவே?"

"வேணும்னா போனை எடுக்காம இருக்கேன். அவ்வளவுதான் நம்மால முடியும்."

போதும் என்று வைத்துவிட்டேன். தர்மாம்பாள் பதினொரு நிமிடத்தில் திரும்பி வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. வருத்தமும் இல்லை. அன்று மதியம் எனக்குப் பிடித்த சேனை வறுவல் செய்தாள். நான் மூன்று தடவை போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் விசாரித்தேன். எனக்கு ப்ரியம்வதாவை நினைத்துக் கொஞ்சம் உறுத்தலாகவும் இருந்தது. ஆம்பளைத் துணை இல்லாத வீடு.

"அவங்க வேற ஏதாவது ஏற்பாடு பண்ணிட்டாங்களா, தர்மா?"

"பண்ணிட்டாங்க. குதிரை வண்டி."

"நல்லதாப் போச்சு."

"ரொம்ப நல்லது. வெள்ளைக் குதிரையாம்." அவள் அரக்குப் பட்டை மடித்துக்கொண்டிருந்தாள். "ஆனா குதிரைக்கு முன்னாடி பெண் வீட்டுப் பெரியவர் ஒருத்தர் நடக்கணுமாம். ப்ரீதிக்குத்தான் அப்பா இல்லையே. உங்க பேரைக் குடுத்துட்டேன்."

"நடக்கணுமா?"

"எழுநூறு மீட்டர்தானே. தினமும் காலைல நாலு கிலோமீட்டர் நடக்கறீங்க."

"எங்கே நடக்கணும்?"

"பேண்டுக்கும் குதிரைக்கும் நடுவுல."

"அங்கேதானே ஆடுவாங்க?"

"ஆமா, சுத்தி ஆடுவாங்க. நீங்க ஆட வேண்டாம்னு ப்ரியம்வதா சொல்லிட்டா. ரெண்டு கையையும் மேலே தூக்கினா போதுமாம்."

"எவ்வளவு நேரம்?"

"ஒண்ணரை மணி நேரம்."

நான் ஈசிச் சேரில் உட்கார்ந்தேன்.

"ஃபேட்டா?" என்றேன்.

"அது கட்டாயம். நடக்கறவருக்குப் பெரிசாக் கட்டுவாங்களாம். தூரத்துலேருந்து தெரியணுமில்ல."

அன்று சாப்பாட்டில் எனக்கு மனசு இல்லை. காரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். காருக்கு நாலு பக்கமும் தகரம் இருக்கிறது. மேலே கூரை இருக்கிறது. ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்க்க வேண்டும், ஜனத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும். மேலே தூக்கு என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னால் சட்டப்படி குற்றம். உலகத்தில் ஒரு கூச்சக்காரனுக்கு இவ்வளவு பத்திரமான இடம் வேறு இல்லை. அதை ஒன்றேகால் சுற்றில் நானே இழந்திருந்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் ஸ்க்ரூ டிரைவரோடு கீழே இறங்கினேன். பொட்டைச் சுரண்டினேன். ஒன்றேகால் சுற்று வெளியே எடுத்தேன். டார்ச் பிடிக்க ஆள் இல்லாததால் நானே எண்ணினேன். டம்ளரை நிரப்பி வைத்தேன். ஒரு நிமிடம் பார்த்தேன். இன்னொரு நிமிடமும் பார்த்தேன். தண்ணீரில் என் முகம் அசையாமல் தெரிந்தது. அது நிம்மதியான முகமாக இல்லை.

புதுப் பொட்டு வைத்தேன். கை வைத்தது.

"தர்மா," என்றேன் சமையலறை வாசலில் நின்று. "வண்டி சரியாயிடுச்சு."

"எப்படி?"

"தானா."

"தானாவா?"

"இன்ஜின் அப்படித்தான்."

"கார்புரேட்டருக்கு வயசாயிடுச்சுன்னீங்களே?"

"வயசானவங்களும் சில நாள் நல்லா இருப்பாங்க."

அவள் அடுப்பைத் தணித்தாள். "அது சரி. ஆனா குதிரைக்காரனுக்கு வாக்குக் குடுத்தாச்சாமே. இப்பப் போய் வேண்டாம்னா எப்படி?"

"நீ ஒரு வார்த்தை பேசிப் பாரேன்."

"நான் எப்படிங்க பேசறது? முந்தாநாள்தான் கார் போச்சுன்னு சொன்னேன். இன்னிக்கு வந்துடுச்சுன்னா என்னை என்ன நினைப்பாங்க?"

"என்மேல பழியைப் போடு."

"உங்கமேலயா? என்னன்னு போடறது?"

மொத்தம் ஐந்து தடவை கேட்டேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஒரே காலையில் நான் அவளிடம் ஐந்து தடவை எதையும் கேட்டதில்லை. ஐந்தாம் தடவைக்குக் கையைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறினாள். பதினொரு நிமிடத்தில் வந்தாள். அதே பதினொரு நிமிடம்.

"ஒத்துக்கிட்டாங்க," என்றாள். "ஆனா மூணு கண்டிஷன்."

"சொல்லு."

"ஃபேட்டாவைப் பாதியில கழட்டக் கூடாது."

"சரி."

"என் பக்கத்துக் கண்ணாடியை முழுசா இறக்கி வைக்கணும்."

"இது ப்ரியம்வதாவா சொன்னா?"

"குதிரையைக் கூப்பிடட்டுமா?"

"சரி, சரி. மூணாவது?"

"பேண்டு நின்னா நீங்களும் நிக்கணும். இன்ஜின் நிக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு சிக்னல். ஒன்றிலும் இன்ஜின் நிற்கவில்லை. தர்மாம்பாள் அரக்குப் பட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய அதே பட்டு. ஜரிகை கொஞ்சம் கறுத்திருந்தது. என் தலையில் ஆரஞ்சு ஃபேட்டா கூரையை முட்டிக்கொண்டிருந்தது.

மண்டபத்து வாசலில் சாமந்திச் சரங்களைப் பானெட்டில் குறுக்கும் நெடுக்கும் கட்டினார்கள். ப்ரீதியும் மாப்பிள்ளையும் பின் சீட்டில் ஏறினார்கள். பேண்டு ஆரம்பித்தது. நான் முதல் கியரைப் போட்டு, கிளட்சைப் பாதி விட்டு, ரோட்டையே பார்த்தேன்.

இருபது மீட்டர் போவோம். பேண்டு நிற்கும். ஆடுவார்கள். நான் கியரை எடுத்துவிட்டு இன்ஜினைச் சும்மா ஓடவிடுவேன். ஆட்டக்காரர்களின் காலடியில் ரோடே அதிர்ந்தது. ஆனால் பானெட் மேல் கட்டிய சாமந்தியில் ஒரு இதழ்கூட ஆடவில்லை. நாலாவது நிறுத்தத்தில் ஒரு பையன் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "காகா, காடி ஏக் நம்பர்!" என்று மராட்டியில் கத்தினான். வண்டி முதல்தரம் என்று அர்த்தம். நூறு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எண்ண நேரமில்லை. குத்துமதிப்பாகச் சொல்கிறேன். எனக்குக் காது சூடாயிற்று. ஆனால் கடைக்குள் நுழைய வேண்டும் என்று தோன்றவில்லை.

தர்மாம்பாள் இறக்கிவிட்ட ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தாள். பால்கனிகளைப் பார்த்தாள். யாரோ தெரியாத ஒரு பெண் கையாட்டினாள். இவளும் ஆட்டினாள். ஒரு கல்யாணப் பெண் எப்படித் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு உட்காருவாளோ அப்படி உட்கார்ந்திருந்தாள். நான் கிளட்சை இன்னும் கொஞ்சம் மெதுவாகவே விட்டேன். பின்னால் இருந்தவர்களுக்காக இல்லை.

எட்டாவது நிறுத்தத்தில் ப்ரியம்வதா வேர்க்க வேர்க்க என் ஜன்னல் பக்கம் வந்தாள்.

"அண்ணா, தேங்க்ஸ் அண்ணா. இவ்ளோ ஸ்மூத்தா வரும்னு நினைக்கவே இல்ல."

"கடைசி நேரத்துல மாத்தினதுக்கு நான்தான் மன்னிப்புக் கேட்கணும்," என்றேன். "அந்தக் குதிரைக்காரர் ஒண்ணும் சொல்லலையே?"

"எந்தக் குதிரை அண்ணா?" என்றாள் ப்ரியம்வதா. பேண்டு மறுபடி ஆரம்பித்தது. யாரோ அவள் கையைப் பிடித்து ஆட்டத்துக்கு இழுத்துப் போனார்கள்.

நான் தர்மாம்பாளைப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்தாள்.

"அன்னிக்கு ஒயரு," என்றாள். "இன்னிக்கு ஸ்க்ரூ."

அந்தக் காரைப் பற்றி அவள் பேசியது அன்றோடு ஒரு தடவை.

"ஒயரு எப்பத் தெரியும்?" என்றேன்.

"கல்யாணத்துக்கு மறுநாள். பட்டுச் சட்டையைத் தண்ணியில போடறதுக்கு முன்னாடி பையில கையை விட்டேன். நானே எடுத்து உங்க டூல் பெட்டியில போட்டேன். காணோம்னு தேடுவீங்களேன்னு."

நான்தான் அதைப் பெட்டியில் போட்டேன் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்க்ரூ?"

அவள் வலது கையின் ஆள்காட்டி விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நகக்கண்ணில் மஞ்சள் இன்னும் போகாமல் இருந்தது.

இன்ஜின் நடுங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் இன்னும் ஐந்நூற்று நாற்பது மீட்டர் இருந்தது. எனக்குக் கேட்பதற்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"அப்ப குதிரை?"

"அதை ஏன் கேக்கறீங்க," என்றாள் தர்மாம்பாள், யாருக்கோ கையாட்டிக்கொண்டே. "நின்ன இடத்துல நடுங்குதாம். கார்புரேட்டருக்கு வயசாயிடுச்சாம்."